வேலைக்குப் போனால் நாய்க்குட்டியை யார் பார்ப்பது? கொழிஞ்சாம்பாறையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறை. மாநிலம் கேரளம், கடைத்தெருவில் பேச்சு தமிழ். காலையானால் ஊரில் பாதிப் பேர் கஞ்சிக்கோடு கம்பெனிகளுக்கும், மீதிப் பேர் வேலந்தாவளம் வழியாகக் கோயம்புத்தூருக்கும் கிளம்பிவிடுவார்கள். பகலில் வீடுகள் பூட்டிக் கிடக்கும். இப்போது அந்தப் பூட்டிய வீடுகளுக்குள் பக், ஷிட்சூ, டாஷண்ட், பொமரேனியன் என்று சின்னச் சின்னக் குட்டிகள் வந்துவிட்டன. எங்கள் தெருவில் யார் வீட்டுக்குக் குட்டி வந்தாலும் முதலில் என்னிடம் வந்து கேட்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் செய்த தவறு தெரு முழுக்கக் கேட்டதுதான் காரணம். எங்கள் குட்டியின் பெயர் புட்டு. வெள்ளையாக, உதிரியாக, சூடாக இருந்தான்.

காலை எட்டே காலுக்குக் கிளம்பினால் மாலை ஆறுக்குத்தான் வருவோம். இரண்டு மாதக் குட்டியை விட்டுப் போகலாமா?

முடியாதுங்க. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு எளிய கணக்கு உண்டு. குட்டிக்கு எத்தனை மாதமோ அதோடு ஒன்றைக் கூட்டுங்கள். பகலில் அத்தனை மணி நேரம்தான் அது சிறுநீரை அடக்கும். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். உள்ளங்கையில் அடங்கும் இனம் என்றால் அதிலும் அரை மணியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் ஆனபிறகு இந்தக் கணக்கைப் பிடிக்காதீர்கள், ஐந்தாறு மணி நேரம்தான் தாங்கும். வளர்ந்த நாயையே எட்டு மணி நேரத்துக்கு மேல் அடக்கி வைப்பது பாவம். நீங்கள் சொல்வதோ கிட்டத்தட்டப் பத்து மணி நேரம்.

ஆகவே நடுப்பகலில் ஒரு ஆள் வர வேண்டும், மூன்று மணி நேரமே தாங்கும் குட்டிக்கு ஒரு தடவை வந்தால் போதாது. பொம்மை, கேமரா, மெத்தை எல்லாம் அதற்கு அப்புறம். குட்டி வாங்கப் பணம் தயாரா என்று பார்ப்பதற்கு முன்னால் அந்த ஆள் தயாரா என்று பாருங்கள். ஆள் இல்லை என்றால் குட்டியை வாங்காதீர்கள். ஐந்தாறு வயதான, சாதுவான நாய் ஒன்றைத் தத்தெடுக்கலாம். அதற்கும் நடுவில் யாராவது எட்டிப் பார்த்தால் நல்லது, ஆனால் குட்டி அளவுக்குத் தவிக்காது.

நீங்கள் அப்படி என்ன தவறு செய்தீர்கள்?

வெள்ளிக்கிழமை ராத்திரி புட்டு வந்தான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் மடியை விட்டு இறக்கவில்லை. திங்கட்கிழமை காலை ஒரு சட்டியில் தண்ணீர், ஒரு கிண்ணத்தில் சோறு வைத்துவிட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் கிளம்பிவிட்டோம். மாலை வந்தபோது எதிர்வீட்டு சேச்சி கேட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். “நிங்ஙள் மனுஷங்களா?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். பத்து மணியிலிருந்து கத்தி, பன்னிரண்டுக்கு மேல் குரல் கம்மி, அப்புறம் சத்தமே இல்லையாம்.

உள்ளே போனால் கதவின் அடிப்பலகை முழுக்க நகக் கீறல். சோற்றில் எறும்பு. புட்டு கேஸ் சிலிண்டருக்குப் பின்னால் துணிபோலக் கிடந்தான். தூக்கினால் தலை நிற்கவில்லை, காது ஜில்லென்று இருந்தது. தூங்குகிறான் என்று வீட்டுக்காரர் நினைத்தார். சேச்சிதான் சர்க்கரையைக் கரைத்து எடுத்து வந்து விரலால் ஈறில் தடவினார். பத்து நிமிடத்தில் கண்ணைத் திறந்தான். துண்டில் சுற்றிக்கொண்டு மிருகாஸ்பத்திரிக்கு ஓடினோம். ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போயிருக்கிறது என்றார் டாக்டர்.

சர்க்கரை இறங்குமா? அது பெரியவர்களுக்கு வரும் வியாதி அல்லவா?

சின்ன இனக் குட்டிகளுக்கு மூன்று நான்கு மாதம் வரை இந்த ஆபத்து உண்டு. ஈரலில் சேமித்து வைக்கும் சர்க்கரை கொஞ்சம்தான், உடம்பு அதைச் செலவழிக்கும் வேகமோ அதிகம். சில மணி நேரம் பட்டினி கிடந்தாலோ, குளிர் தாக்கினாலோ, அழுது களைத்தாலோ இறங்கிவிடும். புட்டுக்கு அன்று பட்டினியும் அழுகையும் சேர்ந்துகொண்டன.

தள்ளாட்டம், நடுக்கம், தொய்வு, எழுப்பினால் எழாத தூக்கம், வெளுத்த ஈறு ஆகியவைதான் அறிகுறி. தேனோ சர்க்கரைக் கரைசலோ ஈறில் தடவ வேண்டும். வாயில் ஊற்றக்கூடாது, விழுங்க முடியாத குட்டிக்கு நுரையீரலுக்குள் போய்விடும். கதகதப்பாகச் சுற்றி உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள். கண் திறந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் இறங்கலாம்.

மூன்று மாதம் வரை ஒரு நாளைக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று வேளை, அதற்கப்புறம் இரண்டு வேளை உணவு. மதிய வேளைக்குத்தான் அந்த நடுப்பகல் ஆள். தயிர்ச்சோறு மட்டும் போட்டு வளர்க்காதீர்கள், வளரும் குட்டிக்குப் புரதம் போதாது. ஊறவைத்த குட்டித்தீனி (கடையில் விற்கும் நாய்க்குட்டி உணவு) நம் ஊர் வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். காலையில் வைத்துவிட்டுப் போவதானால் ஊறவைக்காமல் வையுங்கள். கிண்ணத்தை ஒரு அகலத் தட்டில் வைத்துச் சுற்றிலும் கொஞ்சம் தண்ணீர் விட்டால் எறும்பு வராது. மிட்டாய் டப்பாவுக்குப் பாட்டி செய்த வேலைதான்.

நடுப்பகலில் வர ஆள் எங்கே கிடைக்கும்?

தெருவிலேயேதான் கிடைக்கும். எங்களுக்கு அதே எதிர்வீட்டு சேச்சி. அன்று திட்டியவர் மறுநாளே, “சாவி கொடுத்துட்டுப் போ மோளே” என்றார். சும்மா செய்யச் சொல்லக்கூடாது என்று மாதம் ஆயிரத்து ஐந்நூறு தருகிறோம். முதலில் வாங்க மறுத்தார். இப்போது ஒன்றாம் தேதி தாண்டினால் நினைவூட்டுகிறார், அது இரண்டு பேருக்குமே வசதி. ரிட்டயர் ஆனவர்கள், பள்ளி விட்டதும் வரும் பிள்ளைகள், பக்கத்தில் கடை வைத்திருப்பவர்கள் யாராக இருந்தாலும் சரி. அரை மணி நேரம் போதும். வெளியே விட, சாப்பாடு வைக்க, கொஞ்சம் விளையாட.

அவர்கள் வீட்டிலும் நாய் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். இருந்தால் செருப்பை வாசலிலேயே விட்டு, கை கழுவிவிட்டு வரச் சொல்லுங்கள். பார்வோ வைரஸ் மண்ணிலும் செருப்பிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தடுப்பூசி முடியாத குட்டிக்கு வந்தால் ரத்தப் பேதி, இரண்டு மூன்று நாளில் ஆளையே முடித்துவிடும்.

தடுப்பூசி எப்போது? பஞ்சாயத்தில் லைசென்சும் வேண்டும் என்கிறார்களே?

ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் முதல் ஊசி. அப்புறம் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் வரை. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, அதைத் தள்ளிப்போடவே கூடாது. குடற்புழு மருந்தை டாக்டர் சொல்லும் தேதியில் கொடுங்கள். ஆமாம், கேரளத்தில் வளர்ப்பு நாய்க்கு உள்ளாட்சி லைசென்ஸ் வேண்டும், அதற்கு இந்த ஊசிச் சான்றிதழைக் கேட்பார்கள். பத்திரமாக எடுத்து வையுங்கள்.

குட்டிக்கு நாற்பத்தைந்து நாள் ஆகிவிட்டது, கொண்டுபோங்கள் என்கிறார் விற்பவர். சரிதானே?

சரியில்லை. எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்று 2017-இல் வந்த நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. சட்டம் இருக்கட்டும், தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் இருக்கும் அந்தக் கடைசி இரண்டு வாரத்தில்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டிக்குத் தனிமையும் அதிகம் உறுத்தும். எங்களிடம் இரண்டு மாதம் என்று சொல்லி விற்றார் ஒரு தரகர். பல்லைப் பார்த்த டாக்டர், ஆறு வாரம்கூட நிறைந்திருக்காது என்றார். பொமரேனியன் என்று வாங்கியதும் நம் ஊர் ஸ்பிட்ஸ்தான். அதில் வருத்தமில்லை, வெயிலை அது நன்றாகவே தாங்குகிறது.

தனியாக இருக்க எப்படிப் பழக்குவது?

நிமிடக் கணக்கில். நாங்கள் செய்தது போல மடியிலிருந்து நேராகப் பத்து மணி நேரத் தனிமைக்குத் தள்ளினால், கதவு சாத்தும் சத்தமே அதற்கு எமனாகிவிடும்.

குட்டி வரும்போது இரண்டு பேரும் மாறி மாறி லீவு போட்டுக் குறைந்தது இரண்டு வாரம் வீட்டில் இருங்கள். முதல் நாளிலிருந்தே, நீங்கள் வீட்டில் இருக்கும்போதே, ஒரு நாளில் சில தடவை அதை அதன் இடத்தில் விட்டுவிட்டுப் பக்கத்து அறைக்குப் போங்கள். பத்து விநாடியில் திரும்பி வாருங்கள். அப்புறம் அரை நிமிடம், இரண்டு நிமிடம். நடுநடுவே நேரத்தைக் குறைக்கவும் வேண்டும். ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனால் அதற்கும் தெரிந்துவிடும். அழுதால், நேரத்தைக் கூட்டியதில் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். முன்பு அழாமல் இருந்த நேரத்துக்குத் திரும்பிப் போங்கள்.

அடுத்தது சாவிச் சத்தம். குட்டிக்குக் கடிகாரம் தெரியாது, ஆனால் ஹெல்மெட், சாவி, டிபன் பாக்ஸ் மூடும் சத்தம் எல்லாம் தெரியும். புட்டு என் கைப்பையின் ஜிப் சத்தத்துக்கே முனக ஆரம்பித்தான். ஒரு வாரம் தினமும் பத்துத் தடவை அந்த ஜிப்பை இழுத்து மூடிவிட்டு உட்கார்ந்து டிவி பார்த்தேன். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு வெங்காயம் நறுக்கினார் வீட்டுக்காரர். பார்ப்பவர்கள் என்ன நினைத்தார்களோ. எட்டாவது நாள் ஜிப் சத்தத்துக்குக் காதுகூட ஆடவில்லை.

கிளம்பும்போது “அம்மா சீக்கிரம் வந்துடறேன் தங்கம்” என்று கட்டிப்பிடித்துப் புலம்புவதை விட்டுவிடுங்கள். மெல்லுவதற்கு ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட்டு, சத்தமில்லாமல் போங்கள். திரும்பி வந்ததும் அப்படியே. அது தரையில் நாலு காலும் ஊன்றி நின்ற பிறகு கொஞ்சினால் போதும்.

போனதும் அழுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய போனை அலமாரியில் சாய்த்து வைத்து வீடியோ கால் போட்டுவிட்டுத் தெருமுனை வரை போய் நில்லுங்கள். பிரிவைத் தாங்காத குட்டி பெரும்பாலும் முதல் அரை மணிக்குள்ளேயே காட்டிவிடும். கதவையே பிறாண்டுவது, எச்சில் ஒழுகுவது, வைத்த தின்பண்டத்தைத் தொடாமல் இருப்பது எல்லாம் பயம். சாப்பிட்டு, தூங்கி எழுந்து, இரண்டு மணி நேரம் கழித்துச் செருப்பைக் கடித்தால் அது வெறும் சலிப்பு. சலிப்புக்குப் பொம்மை போதும், பயத்துக்குப் பொம்மை போதாது. மேலே சொன்ன பழக்கத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதிலும் தீராவிட்டால் டாக்டரைப் பாருங்கள், மருந்து உண்டு.

எங்கே விட்டுப் போவது? கூண்டா, சங்கிலியா, பாத்ரூமா?

சங்கிலி வேண்டவே வேண்டாம். சின்னக் கழுத்து, சுற்றிக்கொண்டால் பார்க்க ஆளில்லை. நியாயமில்லாத நேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட. பாத்ரூமில் வாளித் தண்ணீர், பினாயில், இருட்டு. பூட்டிய கூண்டு ராத்திரித் தூக்கத்துக்குச் சரி, பகல் முழுக்க ஆகாது.

ஹாலின் மூலையில் கம்பித் தடுப்பு வைத்து ஆறடிக்கு நாலடி இடம் ஒதுக்குங்கள். ஒரு ஓரம் படுக்கை, எதிர் ஓரம் பழைய பேப்பர், நடுவில் தண்ணீர். நாய் சாதாரணமாகப் படுக்கும் இடத்தில் சிறுநீரோ மலமோ கழிக்காது, அதனால் பேப்பரைத் தேடிப் போகும். காவித்தரையோ டைல்ஸோ ஜில்லென்று இருக்கும், ஆனால் வழுக்கும். சின்ன இனங்களுக்கு முழங்கால் சில்லு விலகும் தொல்லை அதிகம், படுக்கையிலிருந்து பேப்பர் வரை ஒரு சாக்கையோ ரப்பர் மேட்டையோ விரித்துவிடுங்கள். செல்போன் சார்ஜர் ஒயர், கொசுமருந்து மெஷின், பாச்சை உருண்டை எல்லாம் எட்டாத உயரத்துக்குப் போகட்டும்.

நம் ஊருக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு, அது காற்று. மலைத்தொடர் பாலக்காட்டில் விட்டுக்கொடுத்த இடைவெளியில் அல்லவா உட்கார்ந்திருக்கிறோம். மார்கழி தையில் கிழக்கிலிருந்து, ஆனி ஆடியில் மேற்கிலிருந்து. ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனால் உள்கதவு அறைகிற அறையில் சுவரே அதிரும். நடுவில் குட்டியின் காலோ வாலோ இருந்தால் நினைத்துப் பாருங்கள். திறந்திருக்க வேண்டிய கதவுக்கு அம்மிக்குழவியை முட்டுக்கொடுங்கள், மற்றதைத் தாழ்போடுங்கள்.

ஃபேன் போட்டுவிட்டுப் போனால் வெயிலுக்குப் போதுமா?

போதாது. ஃபேன் காற்று நம் வியர்வையை உலர்த்துவதால்தான் நமக்குக் குளிர்கிறது. நாய்க்குப் பாதத்தைத் தவிர மற்ற இடத்தில் அப்படி வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்குகிறது, அதற்குத் தண்ணீர் வேண்டும். பாலக்காட்டு மாவட்டத்தில் மீனம், மேடம் (பங்குனி, சித்திரை) மாதங்களில் 40 டிகிரி என்பது செய்தியே அல்ல. ஷீட் போட்ட அறை, மொட்டைமாடிக்குக் கீழ் அறை இரண்டும் கூடாது. வடக்குப் பார்த்த அறை, மேற்கு ஜன்னலுக்கு ஈரத் துணி, கவிழாத கனமான மண்சட்டியில் தண்ணீர், இரண்டாவதாக இன்னொரு சட்டி. தரையில் ஒரு ஈரச் சாக்கு விரித்தால் வேண்டும்போது போய்ப் படுத்துக்கொள்ளும்.

பக், ஷிட்சூ மாதிரி மூக்கு சப்பிய இனங்களுக்கு மூச்சிரைப்பதே பாதிதான் வேலை செய்யும். அவற்றைக் கோடையில் ஏசி இல்லாத வீட்டில் பகலில் தனியாக விடுவதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வாங்கும் முன்பே யோசியுங்கள்.

இடி, பட்டாசு?

எல்லையில் இருப்பதால் நமக்கு எல்லாமே இரட்டை. தீபாவளியும் உண்டு, விஷுவும் உண்டு. நடுவில் நெம்மாற வேலா, ஊர்ப் பூரங்கள் என்று வெடி வெடிக்கும் கோயில் திருவிழாக்கள். விடுமுறை நாளில் கூடவே இருப்பீர்கள், அது பிரச்சனை இல்லை. ஐப்பசியிலும் சித்திரையிலும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் இடிக்கும் இடிதான் தனியாக இருக்கும் குட்டியைப் பிடிக்கும். ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டி, மேலே போர்வை போட்டு வையுங்கள். ரேடியோவைச் சின்னதாகப் பாடவிட்டுப் போகலாம்.

வீட்டுச் சாப்பாட்டில் எது ஆகாது?

திராட்சை. பாயசத்தில் போடும் உலர்திராட்சையும் சேர்த்துத்தான். சிறுநீரகத்தைக் கெடுக்கும், நாலைந்தே போதும் சின்ன உடம்புக்கு. சாக்லேட், வெங்காயம், பூண்டு, சர்க்கரை இல்லாத சூயிங் கம், வேகவைத்த கோழி எலும்பு. பலாக்கொட்டையும் மாங்கொட்டையும் குடலை அடைக்கும். காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். வாசலில் அரளி இருந்தால் குட்டி எட்டாதபடி பாருங்கள்.

வந்து பார்த்தால் ஹால் முழுக்க ஈரம். நான் முறைத்ததும் தலையைத் தொங்கப்போடுகிறது. தப்பு என்று தெரிகிறதுதானே?

தெரியவில்லை. நியூயார்க்கில் அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்து 2009-இல் வெளியிட்டார். தப்புச் செய்யாத நாயும், எஜமானர் திட்டினால் அதே முகத்தைக் காட்டியது. அது உங்கள் முகத்துக்குக் காட்டும் பயம். மூன்று மணி நேரத்துக்கு முன்னால் போன ஈரத்துக்கு இப்போது திட்டினால், நீங்கள் வீட்டுக்கு வருவதே கெட்ட சகுனம் என்றுதான் அதற்குப் புரியும். சோப்புத் தண்ணீரில் துடைத்து, வினிகர் கலந்த தண்ணீரில் இன்னொரு தடவை துடையுங்கள். கறுப்புப் பினாயில் வேண்டாம், பாதத்தில் ஒட்டி நாக்குக்குப் போகும்.

துணைக்கு இன்னொரு குட்டி வாங்கினால்?

இரண்டு குட்டி அழும்.

வீட்டில் தமிழ், பகலில் பார்க்கும் சேச்சிக்கு மலையாளம். குட்டி குழம்பாதா?

‘வா’ இரண்டுக்கும் ஒன்றுதான், நல்லவேளை. எங்களுக்குச் சிக்கல் வந்தது ஒரே வார்த்தையில். சேச்சி ‘இரி’ என்றால் உட்கார வேண்டும். நாங்கள் ‘இரு’ என்றால் நின்ற இடத்திலேயே பொறுக்க வேண்டும். புட்டு இரண்டுக்கும் உட்கார்ந்துவிடுவான். கேட்டைத் திறக்கும்போது ‘இரு, இரு’ என்றால் நடுவழியில் உட்கார்ந்து மூஞ்சியைப் பார்ப்பான். இப்போது நாங்களும் ‘இரி’க்கு மாறிவிட்டோம். பொறுக்கச் சொல்வதற்குக் கையைக் காட்டுகிறோம்.

இப்போது புட்டு எப்படி இருக்கிறான்?

இரண்டு வயது. பகலில் பெரும்பாலும் தூங்குகிறான். சேச்சி வருவது பன்னிரண்டரைக்கு. பத்து நிமிடம் முன்னாலேயே எழுந்து, சோம்பல் முறித்து, கதவடியில் போய்ப் படுத்துக்கொள்வது போனில் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் வீட்டில் இருக்கும்போதும் அதே நேரத்துக்குப் போய்ப் படுக்கிறான். அன்று சேச்சிக்கு லீவு என்று அவனுக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை.